வெண்கோடனுக்காக மொட்டை போட்டுக்கொண்ட பாறுகள்

பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையடிவாரத்தை வெண்கோடன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். ஓயாமல் போர் செய்தவன். மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. கடைசியில் வடக்கிலிருந்து வந்த படையை எதிர்க்க, ஊரில் வாள் தூக்கத் தெம்பிருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனான். மூன்று நாள் சண்டை நடந்தது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. எதிரிகளில் மிஞ்சிய சிலர் அகப்பட்டதை வாரிக்கொண்டு தங்கள் நாட்டுக்கு ஓடிப்போனார்கள்.

ஊரில் மிச்சமிருந்தவர்கள் பெண்களும் சில கிழவர்களும்தான். அரண்மனை நாவிதன் அந்துவன் அந்தக் கிழவர்களில் ஒருவன். முழங்கால் வீங்கிக் கிடந்ததால் அவனைப் படைக்கு அழைக்கவில்லை.

படைத்தலைவனின் மனைவி சாத்தி அவன் வாசலுக்கு வந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"அந்துவண்ணா, மன்னரைக் கொண்டுவந்து அடக்கம் செய்யணும். அத்தனை பிணங்களுக்குள்ளே அவரை அடையாளம் காண உங்களால்தான் முடியும்."

அந்துவன் கத்திப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோலூன்றி நடந்தான். நான்கு கிழவர்கள் பாடையோடு பின்னால் வந்தார்கள்.

போர்க்களத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. வானத்தில் பாறுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. பிணந்தின்னிக் கழுகுகளை அப்போது பாறுகள் என்பார்கள். மணிமுடியும் கவசமும் களவு போய்விட்டதால், அங்கே கிடந்தவர்களில் யார் மன்னன், யார் குதிரைக்குப் புல் வெட்டியவன் என்று சொல்ல முடியவில்லை. எல்லா முகங்களும் கறுத்து வீங்கிப்போயிருந்தன. அந்துவன் ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டே போனான். வெண்கோடனின் உச்சியில் இரட்டைச் சுழி. எப்போதும் முடி சூடியிருந்ததால் அது நாவிதனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நடுக்களத்தில் ஒரு பிணத்தின் மேல் மட்டும் நிழல் விழுந்திருந்தது. கிழட்டுப் பெண் பாறு ஒன்று தன் இரண்டு சிறகையும் விரித்து அதற்குக் குடை பிடித்து நின்றது. கிட்ட வந்த நரிகளை அலகால் விரட்டியது. அந்துவன் அருகே போனான். குனிந்து உச்சியைத் தடவினான். இரட்டைச் சுழி விரலில் பட்டது.

"தாயே, இவரைத் தொடாமல் விட்டிருக்கிறாயே, ஏன்?" என்றான்.

"தூக்கிக்கொண்டு போ. வெயில் ஏறுகிறது" என்றது பாறு.

மன்னர்களைத் தாழிக்குள் வைத்துக் குழியில் இறக்கி, சுற்றிலும் பலகைக்கல் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல்லைத் தள்ளி மூடுவது அந்த நாட்டு வழக்கம். எல்லாம் முறைப்படி நடந்தது. மூடுகல்லுக்கு வந்தபோதுதான் காரியம் நின்றுபோனது. கிழவர்கள் தள்ளினார்கள், பெண்கள் தோள் கொடுத்தார்கள். கல் இம்மியும் அசையவில்லை.

"பிள்ளை முறையில் ஒருவர் தலை மழிக்காமல் கல் நகராது" என்றான் அந்துவன். "அவருக்கு யார் இருக்கிறார்கள்?"

"நான் மழிக்கிறேன், அண்ணா" என்றாள் சாத்தி.

"நீ உன் புருஷனுக்குத் துக்கம் காக்கிறாய், அம்மா. ஒரு தலையில் இரண்டு துக்கம் ஏறாது. இங்கே உள்ள எல்லோருக்கும் அப்படித்தான்."

அப்போது வெயில் மங்கியது. மேகமோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள். வானம் முழுக்கப் பாறுகள். கிழட்டுப் பாறு இறங்கி வந்து குழியோரம் நின்றது.

"நாவிதரே, சோறு போட்டு வளர்த்தவனை உங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"அப்பன் என்போம்."

"முப்பது வருடம் இவன் செய்த போர்களில்தான் எங்கள் குலம் வயிறு வளர்த்தது. என் குஞ்சுகள் இவன் போட்ட சோற்றில் வளர்ந்தவை. அது நல்ல சோறா கெட்ட சோறா என்று எனக்குத் தெரியாது. தின்றோம். இவனுக்கு நான் மகள். கத்தியை எடும்."

அந்துவன் கத்தியை எடுத்துக்கொண்டு குழியோரம் உட்கார்ந்தான். அன்றுவரை பாறுகளின் தலையிலும் கழுத்திலும் மயிலுக்கு நிகரான அடர்ந்த இறகுகள் இருந்தன. கிழட்டுப் பாறு குனிந்து தலையை அவன் மடியில் வைத்தது. அவன் தண்ணீர் தெளித்து, மன்னனுக்குச் செய்வது போலவே நெற்றியிலிருந்து தொடங்கி மழித்தான். இறகுகள் சத்தமில்லாமல் குழிக்குள் விழுந்தன. முடித்து நிமிர்ந்தபோது, அடுத்த பாறு வந்து குனிந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. மலைச்சரிவு வரைக்கும் வரிசை நீண்டிருந்தது. கத்தி மழுங்க மழுங்க, சாத்தி அதைத் தீட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசித் தலையும் மழிந்தது. பெண்கள் கல்லில் கை வைத்தார்கள். தள்ளக்கூட இல்லை, ஓடம் தண்ணீரில் நழுவுவது போல அது நழுவிப் போய்க் குழியை மூடியது. பெண்கள் அப்படியே தரையில் விழுந்து வணங்கினார்கள். பாறுகள் மட்டும் கொளுத்தும் வெயிலில் அசையாமல் நின்றன. அவற்றின் வெறுந்தலைகள் செக்கச்செவேலென்று சிவந்துபோயின.

"பதினாறாம் நாள் வரை வாய் பேசக்கூடாது, தாயே" என்றான் அந்துவன். "அன்றைக்கு நான் எண்ணெய் கொண்டுவந்து தலையில் வைத்துத் துக்கம் முடித்துவைக்கிறேன்."

சொன்னபடியே பதினாறாம் நாள், எண்ணெய்க் கலயத்தோடு கோலூன்றி மலையேறினான். கிழட்டுப் பாறு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. கலயத்தைப் பார்த்தது. பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பி வடதிசையைப் பார்த்தது. தொலைவில், யாரோ இரண்டு அரசர்களின் படைகள் கிளப்பிய புழுதி எழுந்துகொண்டிருந்தது. சோறு போடும் அரசர்கள் இப்படிச் சாகச் சாக இவற்றின் துக்கம் முடியப்போவதில்லை என்று அந்துவனுக்குப் புரிந்தது. பிறகு எண்ணெயைப் பாறையிலேயே ஊற்றிவிட்டுக் கீழே இறங்கினான்.

பாறுகளின் தலை மொட்டையாகிச் சிவந்ததும், அவை வாய்திறந்து பேசாமல் போனதும் அன்று முதல்தான்.