நத்தைக்கு வழிவிட்ட மலைச்சைக்கிள்

சைக்கிளின் பின்னாலிருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போன களவாணி யாரென்று நல்லுசாமிக்குத் தெரியும். பெயரைச் சொல்லமாட்டான். சொன்னால் அந்த ஆளின் மானம் போய்விடும், பாவம்.

கொல்லிமலை அடிவாரத்தில், பாவாயி டீக்கடை முன்னால் நின்றுதான் இந்தக் கத்தல். பழைய சைக்கிள்களை வாங்கி விற்றே ஆளானவன் நல்லுசாமி. பேரத்தில் கோபம் வந்தால் விலையும் கூடவே ஏறும். இன்றைக்கு இந்த மலைச்சைக்கிளைக் கொடுத்து, லாரிக்காரச் செம்மலையின் வெள்ளாடு இரண்டை வாங்குவதாகப் பேச்சு. ஆட்டுக்கயிறு கைமாறிவிட்டால் வியாபாரம் முடிந்தது. கயிறு இன்னும் செம்மலை கையில்தான் இருந்தது.

"முன்னால ஒரே பல்சக்கரம், பின்னாலயும் பெருசக் காணோம். இது மலை ஏறுமாக்கும்?" என்றான் செம்மலை.

நல்லுசாமிக்குச் சுருக்கென்றது. முன்னால் மூன்று வைத்திருப்பவனெல்லாம் எதில் செயினைப் போடுவதென்று யோசித்தே பாதி மலையில் கிழவனாகிறான். இதில் முன்னால் ஒன்று, பின்னால் பன்னிரண்டு, கடைசிச் சக்கரம் தோசைக்கல் அகலம். போன மாதம் எழுபது கொண்டை ஊசி வளைவையும் உட்கார்ந்தபடியே ஏறினேன் என்றான். அந்தப் பெரிய சக்கரத்தில் செயின் விழுந்துவிட்டால் மிதிப்பது மூச்சு விடுகிற மாதிரி. வேகம்தான் கொஞ்சம் மட்டு. பத்தாவது வளைவில் ஒரு நத்தை ஒதுங்கச் சொல்லி முந்திப்போனது. இருபதாவது வளைவில் முன்டயர் தாண்டிய இடத்தில் மரவள்ளிக் குச்சி நட்டான்; பின்டயர் அங்கே வருவதற்குள் கிழங்கைப் பிடுங்கி அவித்துத் தின்றாகிவிட்டது.

அவ்வளவு மெதுவாகப் போனால் சாய்ந்துவிடாதா என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள் பாவாயி.

"சாயத்தான் பாத்துச்சுக்கா. விழறதுக்கும் ஒரு வேகம் வேணுமில்ல?"

செம்மலை சிரிக்கவில்லை. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அதைப் பார்த்ததும் நல்லுசாமி மளமளவென்று இறக்கத்துக்கு வந்துவிட்டான். உச்சியில் செயினைச் சின்னச் சக்கரத்துக்குத் தள்ளினால் ஒரு மிதிக்கு நாலு வளைவு. கூட வந்த நிழல் முடியாமல் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. முப்பத்திநாலாவது வளைவில் எதிரே ஒருத்தன் ஏறி வருகிறான். அதே சட்டை, அதே மீசை. சாட்சாத் நல்லுசாமியேதான். இறங்கிய வேகத்தில், ஏறிக்கொண்டிருந்த தன்னையே எதிரில் பிடித்துவிட்டான். ஓரமாகப் போடா என்று தன்னையே ஏசிவிட்டு அடிவாரம் வந்தால், கிளம்பும்போது பாவாயி ஊற்றிவைத்த டீ நாக்கைச் சுட்டது.

செம்மலை குனிந்து, பெரிய சக்கரம் இருக்கவேண்டிய இடத்தைத் தடவினான். விரலெல்லாம் துரு.

பாவாயி கிளாஸைக் கீழே வைத்தாள். "எதிர்ல பாத்தியே அந்த நல்லுசாமி, அவன் கீழ எறங்கிட்டானா தம்பி?"

"அவன் எங்கக்கா எறங்கறது? நத்தையே முந்துது. இன்னும் ஏறிக்கிட்டுதான் இருப்பான்."

"அப்பப் பெரிய சக்கரம் அவங்கிட்டதான இருக்கு."

செம்மலை ஆடுகளை இழுத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தான். நல்லுசாமி ஆடுகளைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு மலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"அடேய், யோக்கியனா இருந்தா இப்பவே எறங்கி வந்து சக்கரத்த மாட்டிவிட்டுப் போடா. ஆடு போவுது பாரு."