மாலத்தீவுக்கு ஒரு மூக்கு

எங்கள் நூற்பாலை முதலாளி ரங்கபாஷ்யத்துக்குக் குடும்பத்தோடு மாலத்தீவு போக ஆசை. கொரோனா இல்லையென்று சான்று காட்டினால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். அவருக்கோ இரண்டு நாளாக இருமல். வீட்டாரிடம் மறைத்துவிட்டார்.

டிரைவர் இருளப்பனைக் கூப்பிட்டார்.

"லேப்காரன் டெஸ்ட் எடுக்க வீட்டுக்கு வருவான். என் பேரைச் சொல்லி உன் மூக்கைக் காட்டு. முடியாதுன்னா வண்டிச் சாவியை வச்சுட்டுப் போ."

"காட்டுறேன் முதலாளி. ஆனா நான் கைகட்டி நின்னா அவன் நம்புவானா? நான் உங்க நாற்காலியில உட்காரணும். நீங்க டிரைவரா நிக்கணும்."

வேறு வழியில்லாமல் முதலாளி நின்றார்.

லேப்காரர் வந்து இருளப்பன் மூக்கில் குச்சியை விட்டு எடுத்தார். அதே நேரம் முதலாளிக்கு இருமல் பீறிட்டது.

இருளப்பன் கால்மேல் கால் போட்டான். "தம்பி, நம்ம டிரைவருக்கும் எடுங்க. ரெண்டு நாளா இருமுறான். ஏலேய், மாஸ்க்கைக் கழட்டுடா!"

"யாரைடா சொல்றே? நான் முதலாளிடா!"

லேப்காரரின் கை நின்றது. "அப்போ இப்ப எடுத்தது யார் மூக்கு சார்?"

சத்தம் கேட்டு வந்த முதலாளியம்மா, பேத்தியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வண்டிச் சாவி இருளப்பனிடமே இருந்தது.

எத்தனையோ வேலைநிறுத்தம் செய்தும் எங்கள் சங்கத்தால் குனியவைக்க முடியாத தலை, அன்று ஒற்றை டிரைவரிடம் குனிந்தது. எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.