தாலாட்டின் சரியான பாடம்

தெய்வநாயகம் இசையியல் முதுகலையில் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. அவருடைய ஆசிரியை திலகவதிக்கு அவருடைய மூத்த மருமகளின் வயது. கூடப் படித்த பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். ஆசிரியை சார் என்றாள். அவர் ஆசிரியையை மேடம் என்றார். முதல் நாளே இதெல்லாம் தானாக அமைந்துவிட்டது. யாருக்கும் கூச்சமில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று எழுத்தோடேயே வாழ்ந்தவர். இரவு முழுக்க வேலை. ஒத்தக்கடையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது பால்காரர் வந்து போயிருப்பார். சிறுவயதில் பாட்டுக் கற்றுப் பாதியில் விட்டவர் என்பது அவருடைய மனைவி சொர்ணத்துக்கு மட்டும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அவள்தான் சொன்னாள்.

"வர்ற கல்யாணப் பத்திரிகையில எல்லாம் பிழை பாத்துக்கிட்டு வீட்ல உக்காந்திருக்காதீங்க. போய்ப் பாட்டைப் படிங்க."

படித்தார். நன்றாகவே படித்தார். ஆய்வேட்டில்தான் சிக்கிக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டது தாலாட்டு. மேலூர்ப் பக்கத்துப் பெண்களைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுத வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அழகாயி பாடும்வரை.

அழகாயி மேலூர் பேருந்து நிலையத்துக்கு அருகே இட்லிக் கடை வைத்திருப்பவள். மதிய வெயிலில் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்டார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தொண்டையைக் கூடச் செருமிக்கொள்ளாமல் பாடிவிட்டாள்.

"சந்தைக்குப் போன மாமன் சலங்கை வாங்கி வாரதுக்குள்ள
சட்டுனு கண்மூடு, என் சர்க்கரையே கண்மூடு…"

சரிபார்த்துக்கொள்வதற்காக இன்னொரு தடவை கேட்டார். பாடினாள். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாம் முறையும் கேட்டார். அதையும் பாடினாள்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமாக இருந்தன. முதல் தடவை மாமன் என்ற சொல்லைத் தட்டிவிட்டதுபோல் கடந்து போயிருந்தாள். இரண்டாம் தடவை அதே சொல்லை இழுத்து, கீழே இறக்கி, மறுபடி மேலே கொண்டுவந்திருந்தாள். மூன்றாவதில் பாட்டே பாதி வேகத்துக்கு வந்துவிட்டது. மாமன், மாமன் என்று இரண்டு முறை; நடுவில் ஒரு மூச்சு விடும் அளவுக்கு நிசப்தம்.

எது சரி?

இரவெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார். வேலையை விட்டும் இரவு வேலைப் பழக்கம் அவரை விடவில்லை. எப்படியும் தூக்கம் வராது. ஒன்றை எழுதுவார். அடிப்பார். இன்னொன்றை எழுதுவார். துறையின் ஆய்வுக் கூட்டத்தில் தலைவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஆள், ஒரே பாட்டு, மூணு வடிவமா? எது சரின்னு முடிவு பண்ணி ஒண்ணைக் கொடுங்க" என்றார். சொன்னதில் தப்பில்லை. தெய்வநாயகமும் அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் ஆசிரியையின் அறைக்குப் போனார். அங்கே விரித்திருந்த பாயில் திலகவதியின் மகள் முல்லை உட்கார்ந்திருந்தாள். வயது ஒன்று நிறையவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குக் காய்ச்சலாம். அதனால் அம்மாவோடு பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டாள்.

"மேடம், நான் விட்டுடலாம்னு இருக்கேன்."

"எதை சார்?"

"படிப்பை."

திலகவதி பதறவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. என்ன ஆச்சு?"

"எது சரியான பாடம்னு எனக்குத் தெரியலை மேடம். ஒரு கமா தப்பினாலும் கண்டுபிடிச்சவன் நான். ஒரே ஒரு தாலாட்டுல எது பிழைன்னு சொல்ல முடியலை. எனக்கு இதுக்கான காது இல்லை போல. தெரியாமல் வந்துட்டேன்."

"மூணுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"பிடிக்கிறது, பிடிக்காததெல்லாம் ஆய்வுல வருமா மேடம்?"

"வராது" என்று அவள் சிரித்தாள். "சும்மா கேட்டேன்."

அதற்குள் முல்லை சிணுங்க ஆரம்பித்தாள். கண்ணைக் கசக்கினாள். திலகவதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை வாரி எடுத்து, அப்படியே அவர் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிங்க சார். முதலாம் ஆண்டுக்கு வகுப்பு இருக்கு. இவ தூங்கற நேரம். பாட்டுப் பாடினாத்தான் தூங்குவா."

"நானா?"

"இந்தத் துறையிலேயே உங்க அளவுக்குத் தாலாட்டு யாருக்குத் தெரியும்?"

கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தெய்வநாயகத்துக்கு இரண்டு மகன்கள். இருவரையும் அவர் தூங்க வைத்ததே கிடையாது. அவர்கள் தூங்கும் நேரத்தில் அவர் அச்சுத் தாளோடு இருப்பார். குழந்தையின் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்றே தெரியவில்லை. இடம் மாற்றி, வலம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் அவளே தனக்கு ஒரு வசதியைத் தேடிக்கொண்டாள்.

முதல் வடிவத்தைப் பாடினார். எழுதி வைத்தபடி, ஒரு ஸ்வரம் பிசகாமல். முல்லை அவரைத் தேர்வாளர்போல் பார்த்தாள். பாடி முடித்ததும் அழுதாள்.

இரண்டாவதைப் பாடினார். இன்னும் உரக்க அழுதாள்.

எழுந்து நடந்தார். ஜன்னல்வரை போய்த் திரும்பினார். பாட்டை முதலிலிருந்து எடுத்தார். நடைக்கும் பாட்டுக்கும் பொருந்தவில்லை. பாட்டைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அழுகை விக்கலாகக் குறைந்தது. மாமன் என்ற இடத்தில் அவள் இமை பாதி இறங்கியது. சொல்லை முடித்தால் இமை திறந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. முடிக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தார். மூச்சு முட்டியபோது விட்டார். இமை திறந்தது. மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த வரி மறந்துபோனது. வாயில் வந்ததைப் போட்டு நிரப்பினார். கண் செருகியபோது குரலைத் தாழ்த்தினார். விரல் அவர் சட்டைப் பொத்தானை விட்டு நழுவியபோது சொல்லே இல்லாமல் முனகினார்.

திலகவதி திரும்பி வந்தபோது அவர் அறையின் நடுவில் நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தார். குழந்தை தோளில் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் பாடத்தைப் பாடினீங்க சார்?" என்று கிசுகிசுத்தாள்.



"தெரியலை மேடம். இவ கண்ணைப் பாத்துக்கிட்டே பாடினேன். எங்க நீட்டினேன், எங்க நிறுத்தினேன்னு எனக்கே தெரியலை."

"சந்தைக்குப் போன தாத்தான்னு காதுல விழுந்துச்சு."

தெய்வநாயகத்துக்கு வெட்கமாகிவிட்டது. "அது வாய் தவறி வந்துடுச்சு" என்றார்.

அவள் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் உடனே கொடுக்கவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டு நின்றார்.

"ஆனா மேடம், அந்தம்மா பாடினப்ப மடியில குழந்தையே இல்லை. எதிர்ல நான்தான் போனை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்க யார் கண்ணைப் பாத்து மாத்தினாங்க?"

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"ஊர், பேர், வயசு, பாட்டை யார்கிட்டக் கத்துக்கிட்டாங்க, எல்லாம் கேட்டேன்."

"யாருக்குப் பாடினாங்கன்னு?"

அவர் குழந்தையை அவளிடம் கொடுத்தார்.

"படிப்பை விடறதுன்னா விடுங்க சார்" என்றாள் திலகவதி. "கேட்டுட்டு வந்து விடுங்க."

மறுநாள் அவர் மேலூருக்குப் போனார். அழகாயி அவரைப் பார்த்ததும், "மறுபடியும் பாடணுமா?" என்றாள்.

"பாட வேண்டாம்மா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மூணு தடவை பாடினீங்களே, மூணும் வேற வேற மாதிரி இருக்கு. ஏம்மா?"

"முதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை வைத்தாள். இட்லிமேல் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"முதல்ல பாடினது பெரியவனுக்கு. அவனுக்குச் சடசடன்னு பாடணும் சார். மெதுவாப் பாடினா முழிச்சுக்கிட்டுச் சிரிப்பான். தூங்கவே மாட்டான். இப்ப திருப்பூர்ல வேலை. எப்பப் போன் போட்டாலும் தூக்கத்துல இருந்துதான் எடுக்கிறான்."

"ரெண்டாவது?"

"அது மகளுக்கு. அவளுக்கு இழுவை வேணும். மாமன்னு இழுத்தா அந்த இடத்துலயே சொக்கிப்போவா. இப்பக்கூட இங்க வந்தா, பாடும்மான்னு மடியில வந்து படுத்துக்கிருவா."

தெய்வநாயகம் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு தயங்கினார். மூன்றாவது பாட்டு ரொம்ப மெதுவானது. நடுவில் அந்த நிசப்தம். கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை.

"மூணாவது பிள்ளை…"

"எனக்கு ரெண்டே பிள்ளைதான் சார்."

"அப்ப மூணாவது பாடினது?"

அழகாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். நிலையத்துக்குள் திரும்பும் பேருந்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அது உங்களுக்கு."

"எனக்கா?"

"ரெண்டு தடவை பாடியும் போதலைன்னு மூஞ்சியைப் பச்சப்புள்ள மாதிரி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. இந்த மனுசன் நல்லாத் தூங்கி எம்புட்டு நாளாச்சோன்னு நெனச்சேன். அதான் மெதுவாப் பாடினேன்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே இன்னொரு இட்லி வந்து விழுந்தது.

அடுத்த நாள் ஆசிரியையின் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். திலகவதி இடையில் எதுவும் கேட்கவில்லை. பாயில் இருந்த முல்லை, திருப்பூர்ப் பையனைப் பற்றிய இடத்தில் என்னத்துக்கோ சிரித்தபோது மட்டும் அவளும் சிரித்தாள்.

"மூணையும் எழுதிடலாம் மேடம். ஒவ்வொண்ணுக்கும் மேல, இது யாருக்குப் பாடினதுன்னு போட்டுடலாம். தலைவர்கிட்ட நானே பேசறேன். முதல் ரெண்டுலயும் எனக்குக் குழப்பமில்லை."

"மூணாவதுல?"

"அதுதான் உறுத்துது. பதிவு செய்யப் போனவனே பாட்டுக்குள்ள வரலாமா? அறுபது வயசு ஆளுக்குத் தாலாட்டுன்னு எழுதினா தேர்வாளர் என்ன நினைப்பார்? அதைச் சரியான பாடம்னு சேர்க்கறதா, ஏதோ இரக்கப்பட்டுப் பாடினதுன்னு விட்டுடறதா?"

திலகவதி குழந்தையின் கையிலிருந்த பேனா மூடியை மெல்ல விடுவித்து மேசைமேல் வைத்தாள்.

"அன்னிக்கு அதைக் கேட்டுட்டு என்ன பண்ணீங்க சார்?"

"வீட்டுக்குப் போனேன்."

"எப்படி?"

"பஸ்லதான். ஜன்னலோரம் இடம் கிடைச்சுது…"

அங்கேயே நின்றுவிட்டார். சொர்ணத்திடம் கூடச் சொல்லாத விஷயம் அது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்டபோது, பேருந்தில் கூட்டம் என்று சொல்லி வைத்திருந்தார்.

"ஒத்தக்கடையில இறங்கணும் மேடம். அதைத் தாண்டி, கடைசி ஸ்டாப் மாட்டுத்தாவணியில கண்டக்டர் தோளைத் தட்டித்தான் எழுப்பினார். வண்டியில யாருமே இல்லை. அப்படித் தூங்கியிருக்கேன்."

"அப்பப் பாடம் சரிதான் சார்" என்றாள் திலகவதி.