அடுப்புக்குப் போகாத கல்லு

காங்கேயத்துல ஒரு குரு இருந்தாங்க. பேரு பூவாத்தா. வயசு முப்பத்தி நாலு. படிப்பு ஒம்பதாவது, அதுவும் அரைகுறை. ஆனா கல்லுக்குப் பட்டை தீட்டறதுல அவங்களை மிஞ்ச அந்த வட்டாரத்துலயே ஆள் கிடையாது.

அவங்களுக்கு ஒரு சீடர். பேரு அர்த்தநாரி. வயசு அறுபத்தொண்ணு. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர்.

இப்படித் தலைகீழா ஒரு குருகுலத்தை ஊரு பாத்ததே இல்ல. டீக்கடைக்கு அது போதாதா?

"ஏனுங் வாத்தியாரே, இன்னைக்கு ஹோம்வொர்க் எழுதிட்டீங்களா?"

"டீச்சர் அடிச்சா எங்ககிட்டச் சொல்லுங், நாங்க வந்து பேசறோம்."

ஒருநாள் பொறுக்க முடியாம அர்த்தநாரி கத்திப்புட்டாரு. "ஆடிப் பதினெட்டுக்குள்ள நான் சாணையில உக்காந்து பட்டை தீட்டலைன்னா, இதே கடையில ஒரு மாசம் கிளாஸ் கழுவறேன்!"

வாய் விட்டது வீம்புக்கு. ஆசை நெசம். முப்பத்தி மூணு வருசம் அடுத்தவங்க எழுதுனதைச் சுழிச்சுச் சுழிச்சே செவப்பு மையைத் தீத்த மனுசன். ஒண்ணே ஒண்ணு, தன் கையால செஞ்சு பாக்கோணும்.

பூவாத்தா போட்ட நிபந்தனை சின்னதுதான். "ஒரு தட்டு நீலத்தைக் கொறையில்லாம எறக்கிக் குடுங்க சார். அப்பறம் சாணை உங்களுது."

எறக்கறதுன்னா அடுப்புல இருந்து. தான்சனைட்டுன்னு ஒரு கல்லு. ஆப்பிரிக்காவுல ஒரே ஒரு மலையில கெடைக்குது. நீலமும் கத்திரிப்பூ நெறமும் கலந்து மினுங்கும். ஆனா மண்ணுக்குள்ள இருந்து வர்றப்ப முக்காவாசி தவிட்டு நெறத்துலதான் வரும். கரண்டு அடுப்புல வச்சு பதமாச் சூடு குடுத்தா நீலம் ஏறும். ஏறுனா ஏறுனதுதான். பழைய நெறம் திரும்பி வராது.

மூணு மாசமா அர்த்தநாரிக்கு அந்த அடுப்படி வேலைதான்.

ஆடிப் பதினேழு. மத்தியானம் மூணு மணி. இருபது கல்லு எறக்கியாச்சு. இருபதும் அச்சு அடிச்ச மாதிரி ஒரே நீலம். கோயமுத்தூர் வியாபாரி சென்னியப்பன் கேட்டிருந்தது இருபத்தொண்ணு, கல்யாண நெக்லஸுக்கு. அஞ்சு மணிக்கு வந்துருவாரு. இன்னும் ஒண்ணே ஒண்ணு வெந்தாப் போதும்.

அந்த ஒண்ணை இடுக்கியில எடுத்துட்டு அடுப்புக்குப் போனவரு, பாதியில நின்னுட்டாரு. ஜன்னல் வெளிச்சம் அதுமேல பட்டுது.

"அம்மிணி, இது என்னமோ பச்சையா இருக்குதே. போட்டரட்டா?"

பூவாத்தா சாணையை நிறுத்துனாங்க. எட்டிப் பாத்தாங்க. கையத் தொடைச்சுக்கிட்டே வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க.

"அட்டெண்டன்ஸ் எடுங்க சார்."

"என்னது?"

"தட்டுல இருக்கறவங்களுக்கு. உங்களுக்குப் பழக்கந்தானுங்களே."

கிண்டலான்னு பாத்தாரு. மொகம் வெறுமனே இருந்துச்சு. சரின்னு மொதக் கல்லைத் தொட்டாரு.

"நீலம்."

"உள்ளேன் ஐயா."

"நீலம்."

"உள்ளேன் ஐயா."

இருபதுக்கும் அதே ராகம். கொட்டாவி விட்டுக்கிட்டே பூவாத்தா சொல்லி முடிச்சாங்க. அர்த்தநாரிக்கே தூக்கம் வந்துருச்சு.

இருபத்தொண்ணு. இடுக்கியைத் தூக்கிப் பிடிச்சாரு. ஒரு முனை கொழுந்து வெத்தலை மாதிரிப் பச்சை. லேசாத் திருப்புனாரு. மறுமுனை கத்திரிப்பூ. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற எடத்துல, பேரு தெரியாத ஒரு நெறம்.

அவரு வாயத் தொறந்தாரு. வார்த்தை வரல.

பூவாத்தாவும் பதில் சொல்லல.

"ஏன் அம்மிணி பேச மாட்டேங்கற?"

"நீங்க இன்னும் கூப்பிடலைங்க சார்."

எந்திரிச்சுப் போய் சாணையை ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

அர்த்தநாரி அடுப்பைப் பாத்தாரு. கல்லைப் பாத்தாரு. உள்ள போட்டா நாளைக்கு சாணை. போடலைன்னா டீ கிளாஸு. இதுக்கு நடுவுல நெனப்புல எங்கிருந்தோ ஒம்பதாம் கிளாஸ் பொண்ணு ஒண்ணு வந்து நின்னுச்சு. ஊரே "உள்ளேன் ஐயா"ன்னு சொல்றப்ப, "பாதி வந்துட்டனுங், மீதி வந்துட்டே இருக்குதுங்"னு சொன்ன பொண்ணு. கிளாஸே சிரிச்சுச்சு. "வெளிய போ"ன்னாரு. போச்சு. பள்ளிக்கூடத்துக்கு அப்பறம் வரவே இல்ல.

அவரு நடந்து போய் அடுப்பு சுவிச்சை அமத்துனாரு.

சென்னியப்பன் அஞ்சுக்குச் சொல்லி நாலரைக்கே வந்துட்டாரு. தட்டை எண்ணுனாரு. மறுக்கா எண்ணுனாரு.

"ஒண்ணு எங்க?"

"அது அடுப்புக்குப் போகாதுங்க," அர்த்தநாரி சொன்னாரு.

"ஏன், காய்ச்சலா? ஏனுங் வாத்தியாரே, நான் கேட்டது நீலம். வேகாத கல்லை வச்சுட்டு நான் என்ன பண்றது?"

"பாத்துட்டுத் திட்டுங்க."

சென்னியப்பன் ஜன்னலுக்குப் போனாரு. லென்ஸைக் கண்ணுல வச்சாரு. திருப்புனாரு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். லென்ஸைத் தொடைச்சு மறுக்கா வச்சாரு.

"சூடு காட்டலையே?"

"இல்லைங்க."

"அடுப்புப் பக்கம்கூட கொண்டு போகலையே?"

"சுவிச்சையே அமத்திட்டனுங்க."

"இருபத்தாறு வருசத்துல இப்படி ஒண்ணை இப்பத்தான் பாக்கறேன்." சென்னியப்பன் அந்தக் கல்லை ரெண்டு கையிலயும் ஏந்துனாரு. "நடுவுல இது உக்காரட்டும். இருபதும் ரெண்டு பக்கம் நின்னு காவல் காக்கட்டும். மேல்பட்டை இன்னும் தீட்டலையே, யாரு தீட்டறது?"

பூவாத்தா எந்திரிச்சாங்க. தோள்ல கெடந்த துண்டால சாணை முன்னாடி இருந்த ஸ்டூலைத் தொடைச்சாங்க.

"சார், உக்காருங்க."

"அம்மிணி... ஒரு தட்டுன்னு சொன்ன. இருபதுதான் எறக்கியிருக்கேன்."

"எறக்காததுதான் இப்பத் தீட்டோணும். உக்காருங்க சார். கோணலாப் போனா நான் பிடிச்சுக்கறேன்."

உக்காந்தாரு. சாணை சுத்துச்சு, தண்ணி சொட்டுச்சு. கடைசியாத் தொடைச்சுத் தூக்கினப்ப பச்சையும் கத்திரிப்பூவும் சுவத்துல வந்து விழுந்துச்சு. சென்னியப்பன் விசிலே அடிச்சுட்டாரு. தெருவுல போன டீக்கடைக்காரர் உள்ள எட்டிப் பாத்து, சாணையில உக்காந்திருக்கறது யாருன்னு பாத்து, கிளாஸ் கழுவ வேற ஆள் தேடோணும்னு பொலம்பிக்கிட்டே போனாரு. அர்த்தநாரி சின்னப் பையனாட்டம் சிரிச்சாரு.

எல்லாரும் போனதுக்கு அப்பறம், மூணு மாசமாத் தொண்டையில நின்னதை அவரு கேட்டே விட்டாரு.

"உன்னைய வெளிய போட்டது நான். எம்மேல கோவமே இல்லையா அம்மிணி?"

பூவாத்தா ஆறிப்போன அடுப்போட கதவைச் சாத்துனாங்க.

"வெளியதானுங்க சார் போட்டீங்க. உள்ள போட்டிருந்தாத்தானே கோவம்."