சமனியின் பதினோராவது கால்

முன்னொரு காலம் என்று இழுக்க வேண்டாம், போன மாசியில் நடந்ததுதான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரையில் நாலு நாள் பாய்மரப் படகுப் போட்டி. அதை நேரடியாக ஒளிபரப்ப ஒரு வேன் வந்து பூவரச நிழலில் நின்றது. வேனுக்குள் ஓர் அலமாரி, அலமாரிக்குள் ஓர் அட்டை, அட்டையில் விரல் நகத்தளவு ஒரு சிப். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கேபிள் ஈக்வலைசர் என்பார்கள். நாம் சமனி என்று கூப்பிடுவோம், வாய்க்கு லகுவாக இருக்கிறது.

சமனியின் வேலை இதுதான். கேமரா எங்கோ கடலுக்குள் நீளும் பாலத்தில் நிற்கும். அது அனுப்பும் படம் கேபிளுக்குள் ஓடி வரும்போது வர வர இளைத்துப்போகும். வேனுக்கு வந்து சேரும்போது எது ஒன்று, எது பூஜ்யம் என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. சமனி அதை வாங்கி, எவ்வளவு இளைத்திருக்கிறதோ அவ்வளவு ஊட்டி, கிளம்பியபோது இருந்த மாதிரியே நிமிர்த்தி மானிட்டருக்கு அனுப்பிவைக்கும்.

மானிட்டருக்கோ பவிசு தாங்காது. "எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், தெரியுமா?" என்று நாளுக்கு நாலு தடவை சொல்லும்.

சமனி ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டது. "கடல் எப்படி இருக்கும்?"

"சுத்தமாக இருக்கும்," என்றது மானிட்டர். "நான் காட்டினால் எல்லாமே சுத்தம்தான்."

அதற்குமேல் அதனிடம் என்ன கேட்பது? சமனி விட்டுவிட்டது.

சமனிக்குப் பதினாறு கால்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பதினோராவது கால் பேசுவதற்காக இருப்பது. 'இப்போது இவ்வளவு பாரம் தூக்குகிறேன்' என்று அந்தக் காலில் சமனி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பாரம் கூடினால் அங்கே மின்சாரத்தின் அளவும் மாறும். ஆனால் அட்டையைச் செய்த புண்ணியவான், படம் வந்தால் போதாதா என்று அந்தக் காலில் கம்பியே வைக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து சமனி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

வேனில் டெக்னீஷியன் பிலோமி. டைரக்டர் தஸ்நேவிஸ், நல்ல மனுஷர்தான், கொஞ்சம் ஆசை அதிகம். முதல் நாள் கேபிள் நூறு மீட்டர். சமனிக்கு அது சிரமமில்லை.

இரண்டாம் நாள் காலையில் தஸ்நேவிஸ் கேட்டார். "படம் எப்படி இருக்கு பிலோமி?"

"சுத்தமா இருக்குண்ணே."

"அப்ப இன்னொரு நாப்பது மீட்டரை மாட்டிவிடு. கேமராவ இன்னும் உள்ள தள்ளுவோம்."

பிலோமி இன்னொரு துண்டைச் சேர்த்தாள். படம் அப்படியேதான் இருந்தது. மத்தியானம் இருபது, சாயங்காலம் இன்னொரு இருபது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் இது. படம் நன்றாக இருந்தால் கேபிளும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேபிளுக்கு மனசு கேட்கவில்லை. "ஏ சமனி, நூற்றி எண்பது ஆகிவிட்டது. ஜாயின்ட்டில் உப்புக்காற்று வேறு ஏறுகிறது. எனக்கே நான் பாரமாக இருக்கிறேன். நீ எப்படித் தாங்குகிறாய்?"

"தாங்குகிறேன்."

"எத்தனை நாளைக்கு? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ அழவே மாட்டேன் என்கிறாயே."

"அழுதுகொண்டுதான் இருக்கிறேன்," என்றது சமனி. "அந்தக் காலில் கம்பி இல்லை."



அதற்கு முன்னால், அன்று மத்தியானம் பிலோமியின் போன் அடித்தது. அவளுடைய அக்கா. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். பிலோமி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இட்லியைப் பிட்டாள்.

"எப்படி இருக்கட்டி?"

"நல்லா இருக்கேன்க்கா."

"கப்பல்ல இருந்து மாப்பிள்ள பேசினாரா?"

"ஆறு வாரமா இல்ல. பேசுவாரு. எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். வேலை கிடக்கு, வையி."

வைத்துவிட்டாள். பிறகு அந்த இட்லியை அவள் சாப்பிடவே இல்லை, மூடி வைத்தாள். சமனிக்குக் கண் கிடையாது. ஆனாலும் அந்த 'நல்லாத்தான் இருக்கேன்' எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரிந்தது. பாவம், இவளுக்கும் கம்பி இல்லையோ என்று நினைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் அரையிறுதி. தஸ்நேவிஸ் கேமராவைப் பாலத்தின் கடைசிக்கே கொண்டுபோகச் சொன்னார். மொத்தம் இருநூற்றி இருபது மீட்டர். சமனி தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டுத் தூக்கியது. படம் வந்தது. சுத்தமாக வந்தது.

"பார்த்தியா? அருமையான படம்," என்றார் தஸ்நேவிஸ்.

டிஜிட்டல் படத்துக்கு நடுவழி கிடையாது. பழைய காலத்துப் படம் மாதிரி புள்ளி விழுந்து, நிறம் மங்கி, எனக்கு முடியவில்லை என்று முன்கூட்டிச் சொல்லாது. இருக்கும்வரை முழுசாக இருக்கும், போனால் ஒரேயடியாகப் போகும். சமனிக்கு இது நன்றாகத் தெரியும். யாராவது இப்போது ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று அது ஏங்கியது. பதினோராவது காலில் கத்திப் பார்த்தது.

வெயில் ஏறிற்று. கேபிள் சூடாகி இன்னும் கொஞ்சம் இளைத்தது. இரண்டு படகுகள் முனையோடு முனை ஒட்டி எல்லைக் கொடியை நெருங்கிய நேரம், படம் கறுத்தது.

கொடி தூரத்தில் இருந்ததால் நடுவர்களும் அந்தப் படத்தைத்தான் நம்பியிருந்தார்கள். யார் ஜெயித்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கரையில் இரண்டு படகுகளின் ஊர்க்காரர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நாளைக்குக் காலையில் மறுபடி ஓட்டுவது என்று நடுவர்கள் சமாதானம் பண்ணினார்கள்.

"அந்த அட்டை போச்சு. தூக்கிக் கடாசிட்டு வேற மாட்டு," என்றார் தஸ்நேவிஸ்.

பிலோமி அட்டையை உருவினாள். மின்சாரம் இல்லாத இடத்தில் சமனிக்கு நினைவும் இல்லை. அதனால் அடுத்து நடந்தது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

பிலோமி புது அட்டையை மாட்டினாள். அதிலும் படம் கறுப்பு. இன்னொன்று மாட்டினாள். அதிலும் அதே கறுப்பு.

"மூணும் ஒண்ணாவா சாகும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அட்டைப்பெட்டியின் அடியில் பிரிக்காமலே கிடந்த குறிப்புத்தாளை எடுத்துப் படித்தாள். பதினோராவது கால் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. மேசையில் கிடந்த பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கால் வெறுமனே நின்றது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, மயிரிழைக் கம்பி ஒன்றை அதில் பற்றவைத்து, மறுமுனையில் ஒரு முள் மீட்டரை மாட்டி, அட்டையைத் திரும்பச் செருகினாள்.

சமனிக்கு நினைவு வந்தது. முதலில் பழைய பாரம் வந்து தோளில் விழுந்தது. அப்புறம் பதினோராவது காலில் என்னவோ உறுத்தியது. யாரோ கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

மீட்டரின் முள் எழும்பிப் போய்க் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது.

பிலோமி அதையே பார்த்தாள். "அடப்பாவி," என்றாள் மெதுவாக. "இவ்வளவையும் சுமந்துகிட்டா சும்மா இருந்த?"

தஸ்நேவிஸ் எட்டிப் பார்த்தார். "என்னது இது?"

"அட்டை மேல குத்தமில்லண்ணே. நாமதான் துண்டு துண்டா சேர்த்து இது தலையில ஏத்திருக்கோம். வேனைப் பாலத்தடிக்குக் கொண்டு போவோம். நிழல் இல்லாட்டா பரவால்ல."

தஸ்நேவிஸ் தலையைச் சொறிந்தார், பிறகு சாவியை எடுத்தார். வேன் நகர்ந்தது. கேபிளில் நாலு துண்டுகள் கழன்றன. முள் சரசரவென்று இறங்கிப் பாதியில் நின்றது. கேபிள் நீளமாகப் பெருமூச்சு விட்டது.

மறுநாள் காலையில் மறு ஓட்டம். "படம் எப்படி இருக்கு?" என்று தஸ்நேவிஸ் கேட்டார். பிலோமி மானிட்டரைப் பார்க்கவில்லை, முதலில் முள்ளைப் பார்த்தாள். மானிட்டருக்கு அது பொறுக்கவில்லை. "அவள் ஏன் உன்னைப் பார்க்கிறாள்?" என்று கேட்டது. சமனிக்குப் பிலோமியிடம் சொல்லவே நேரம் போதவில்லை.

மத்தியானம் போன் அடித்தது.

"எப்படி இருக்கட்டி?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, கேக்குதா?"

"இல்லக்கா," என்றாள் பிலோமி. "நல்லா இல்ல. என்னால முடியல. நீ ரெண்டு நாளு வந்து இரேன்."