சாத்தப்பரின் மருந்து டப்பா

“அம்மா, இந்த வேங்கை மரம் சாகப் போகுது. மருந்து ஊத்தட்டுமா, வேண்டாமா?”

கேட்டவர் சாத்தப்பர். கையில் பூஞ்சைக்கொல்லி டப்பா.

காட்டோர மடத்துக்கு வருமுன் அவர் இருபத்தாறு வருடம் உரக்கடை நடத்தியவர். செடி தலை சாய்த்தால் அவர் கை தானாக அலமாரிக்குப் போகும். இங்கே அலமாரி இல்லை. பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அந்த வேங்கையடியில்தான் அவர் தினமும் தியானத்துக்கு உட்காருவார். ஒரு சருகு கிடந்தாலும் மனம் ஒன்றாது என்று, காலையும் மாலையும் தானே துடைப்பம் எடுத்துக் கூட்டிவிடுவார். மரத்தடி சிமெண்டுத் தரைபோல இருக்கும்.

குரு நீலியம்மா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். இலைகள் பழுத்திருந்தன. அடிமரத்தில் பழுப்புக் காளான்கள் தட்டுத் தட்டாகப் புதிதாய் முளைத்திருந்தன.

மண்ணைக் கிளறி ஒரு வேரை எடுத்தார். அதைச் சுற்றி, நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் நாலைந்து.

“இது?”

“அதுவும் பூஞ்சைதான்.”

பக்கத்தில், யாரும் கூட்டாத கணுக்கால் ஆழச் சருகில் இன்னொரு வேங்கை செழித்து நின்றது. அங்கேயும் கிளறினார். வேர் தெரியாத அளவுக்கு அதே இழைகள்.

“இது?”

சாத்தப்பர் யோசித்தார். “அப்போ இன்னொரு டப்பா வாங்கணும்.”

“மரத்துல முளைச்சதும் இதுவும் ஒண்ணா?”

“பூஞ்சைன்னா பூஞ்சைதான், அம்மா.”

நாளைக்குப் பார்க்கலாம் என்று நீலியம்மா போய்விட்டார்.

மறுநாள் சாத்தப்பருக்கே காய்ச்சல்.

இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். தினமும் அவருக்குச் சோறு போடும் சவரிமுத்து, கஞ்சிச் சொம்போடு. அவருடைய தேக்குக் கட்டில்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த குழந்தையன், ஒரு கயிற்றோடு. தப்பாக நினைக்கக் கூடாது, கட்டில் தன் அறை வாசலில் நுழையுமா என்று சும்மா அளந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சாத்தப்பர் குருவுக்கு ஆள் அனுப்பினார்.

நீலியம்மா வந்தார். இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். தாமும் வெளியே வந்து கதவைத் தாழிட்டார்.

மதியமாயிற்று. ஜன்னல் வழியே கஞ்சி வாசனை வந்தது. கஞ்சி வரவில்லை.

சாத்தப்பர் கதவைத் தட்டினார். குழந்தையனை விரட்டியது நியாயம், சவரிமுத்து என்ன பாவம் செய்தார் என்று கேட்டார்.

“ஆளுன்னா ஆளுதான், சாத்தப்பரே” என்றார் வெளியே இருந்த நீலியம்மா.

“அப்போ அந்த வெள்ளை இழைதான் மரத்துக்குச் சோறு போடுதா, அம்மா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பிறகு கட்டிலுக்கடியில் ஏதோ உருண்டது. ஜன்னல் வழியே ஒரு கை மருந்து டப்பாவை நீட்டியது.

நீலியம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு சொம்பைக் கொடுத்தார்.

பாதிக் கஞ்சி உள்ளே போனதும் சாத்தப்பர் எட்டிப் பார்த்தார். குழந்தையன் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“இவரையாவது விரட்டக் கூடாதா, அம்மா?”

“முழுசாக் குடிங்க. நீங்க எழுந்து நடந்தா அவர் தானாப் போயிடுவார்.”

சற்று நேரத்தில் காலிச் சொம்பு வெளியே வந்தது.

அதன் பின்னாலேயே துடைப்பமும் வந்தது.