மலைராஜ் காருக்கு என்ன நோய்?

உக்காருங்கப்பா, உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க. ஓய் தாடி, உமக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா? டீக்கிளாஸக் கீழ வையும்.

மலைராஜ்னு ஒருத்தன். ஒரு பழைய பெட்ரோல் காரு வச்சிருந்தான்.

நல்லா ஓடும். திடீர்னு டுர்ர்ர்... டுக்... டுக்... புஸ்ஸு. நின்னுரும்.

சும்மா விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு சாவியத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

பட்டறைக்குக் கொண்டு போனா? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி நிக்கும். ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

கடைசியா போடியில ஒச்சப்பர் பட்டறைக்கு வந்தான். ஒச்சப்பரு வயசுல மலைராஜுக்குத் தம்பிதான். ஆனா கேட்ட கேள்விக்கு நேராப் பதில் சொல்ல மாட்டாரு. அதனாலயே ஊரு அவரச் சாமின்னு கூப்பிடும்.

"சாமி, பம்பு போச்சு. மாத்திக் குடுங்க."

"பம்பு வந்து சொல்லுச்சா?"

"நான் சொல்றேன் சாமி."

"முந்தின பட்டறைல என்ன சொன்னாங்க?"

"அவனுக்கு என்ன தெரியும்? பிளக்குன்னான். நான் காயிலுன்னேன். காயில மாத்தினோம்."

"அப்புறம்?"

"அப்புறமும் நின்னுச்சு. அதான் சொல்றேன், பம்பு."

சாமி கொட்டாவி விட்டாரு.

மலைராஜ் குரலு இறங்கிப் போச்சு. "சாமி, வீடு மலை மேல. ஆஸ்பத்திரி கீழ. இவளுக்கு மாசம் நெறஞ்சு போச்சு. வலியெடுத்து வர்றப்ப நடுக்காட்டுல நின்னுச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

அப்பத்தான் சாமி பின்சீட்டப் பாத்தாரு. வயித்துப் புள்ளக்காரி ஒருத்தி உக்காந்திருந்தா. மலைராஜ் பொண்டாட்டி.

"தாயி, வலி கிலி இருக்கா?"

"இல்லைங்க சாமி"ன்னான் மலைராஜ்.

"தண்ணி குடிக்கிறியா தாயி?"

"இப்பத்தான் குடிச்சா"ன்னான் மலைராஜ்.

"பேரு என்னம்மா?"

"பேச்சியம்மா"ன்னான். அதுவும் மலைராஜ்தான்!

சாமி மடியிலருந்து வெத்தலைய எடுத்தாரு. சுண்ணாம்பு தடவி, பாக்கு வச்சு, ஒரு கை மொத்தத்துக்கு மடிச்சாரு.

"வாயத் தொற."

தொறந்தான். திணிச்சாரு.

"நான் சொல்ற வரைக்கும் துப்பக்கூடாது."

சாமி வண்டிய எடுத்தாரு. மலையேறுச்சு. பக்கத்துல மலைராஜ், "ம்ம்! ம்ம்ம்! ம்ம்!" கையால பம்பக் காட்டுறான். கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பிக் கெடக்கு.

டுர்ர்ர்... டுக்... டுக்... புஸ்ஸு.

நின்னுருச்சு.

"ம்ம்ம்ம்!"ன்னான் மலைராஜ். பாத்தீங்களா, பம்புன்னு அர்த்தம்.

சாமி அவனத் திரும்பியே பாக்கல. பின்னால திரும்பி, "நீ சொல்லு தாயி"ன்னாரு.

பேச்சியம்மா புருஷன் வாயப் பாத்தா. வெத்தல இருக்கு. சாமியப் பாத்தா.

"பெட்ரோல் மூடியத் தொறந்து பாருங்க சாமி."

சாமி இறங்கிப் போயித் தொறந்தாரு.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

குடிக்க ஏங்கின மாதிரி டேங்கு காத்த இழுத்துச்சு.

மூடியத் திருப்பினாரு. காத்துப் போற சின்ன ஓட்டை அதுல இருக்கணும். காணோம். அந்த எடத்துல சந்தனம் அப்பி, அதுக்கு மேல குங்குமம். நம்ம மலைராஜ் வாராவாரம் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வைக்கிறவன். முன்னாடி, பின்னாடி, ஸ்டியரிங்கு, ஒண்ணையும் விடமாட்டான். மூடிய மட்டும் விடுவானா? உள்ள, வெளிய, பழசு மேல புதுசு.

பட்டறைல எவன் வந்தாலும் முதல்ல மூடியத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னுதான் பாப்பான். தொறந்தா காத்து உள்ள போயிரும். நோயும் போயிரும். யாருக்குத் தெரியும்?

"ஊக்கு இருக்கா தாயி?"

தாலிக்கயித்துலருந்து ஒரு ஊக்கக் கழட்டிக் குடுத்தா. சாமி குத்தி விட்டாரு.

"காத்து உள்ள போனாத்தான்யா பெட்ரோல் வெளிய வரும்."

மூடியப் போட்டு சாவியத் திருப்பினாரு. டுர்ர்ர்ர்ர்ர்! உச்சி வரைக்கும் ஏறுச்சு, கீழ வரைக்கும் இறங்குச்சு. ஒரு இருமல் கெடையாது.

"இப்பத் துப்பு"ன்னாரு சாமி.

துப்பினான். துப்பின வேகத்துல பின்னால திரும்பினான்.

"ஒனக்கு எப்பிடிடி தெரியும்?"

"பங்க்குல மூடியத் தொறக்கும்போதெல்லாம் இந்தச் சத்தம் வரும். அதுக்கப்புறம் வண்டி நல்லா ஓடும்."

"அடிப்பாவி! இத்தன நாளாத் தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேன். மிச்சத்த நீங்களே சொல்லி முடிச்சுட்டீங்க."